மார்பிலிருந்து மார்க்கெட்டுக்கு!

ஸ்டாம்ப் சேர்க்கிறவங்களைத் தெரியும், காயின் சேர்க்கிறவங்களைத் தெரியும்... போர்க்கள மெடல்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறவங்களைத் தெரியுமா? ஜப்பான் ராணுவப் பதக்கங்களின் உலகத்துக்குள்ளே ஒரு ரவுண்ட்!

1942 ஏப்ரல் மாதம். பசிபிக் கடலின் நடுவே 'ஹார்னெட்' என்கிற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல். மேல்தளத்தில் பைலட்டுகள் கூட்டமாக நிற்கிறார்கள். நடுவில் அவர்களுடைய தலைவர் ஜிம்மி டூலிட்டில். அவர் எதிரே ஒரு பெரிய குண்டு. கையில் ஒரு மெடல். அதைக் கம்பியால் குண்டோடு சேர்த்துக் கட்டுகிறார் மனிதர்!

அது யார் கொடுத்த மெடல் தெரியுமா? ஜப்பான் கொடுத்தது. 1908-ல் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் ஜப்பானுக்குப் போனபோது, 'நாம ரெண்டு பேரும் நண்பர்கள்' என்று சொல்லி அங்கே மெடல்கள் கொடுத்தார்கள். அதை வாங்கிய பழைய கடற்படைக்காரர்கள் சிலர், 1941-ல் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டதும் கொதித்துப் போனார்கள். மெடலைக் கழற்றி, 'கொடுத்தவங்ககிட்டயே திருப்பிச் சேர்த்துடுங்க' என்கிற கோரிக்கையோடு அரசாங்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அப்படித்தான் அவை ஹார்னெட்டுக்கு வந்தன. ஏப்ரல் 18-ம் தேதி 16 விமானங்கள் கிளம்பிப் போய் டோக்கியோ மீதும் வேறு சில நகரங்கள் மீதும் குண்டு போட்டன. நட்புக்காகக் கொடுத்த மெடல் நெருப்போடு வீடு திரும்பியது.

மெடல் என்றால் ரிப்பனில் தொங்குகிற தகரம்தானே என்று நினைப்பவர்கள் இந்த ஒரு சம்பவத்தைக் கேட்டாலே போதும். அந்தத் தகரத்துக்குள் ரோஷம் இருக்கிறது, பெருமை இருக்கிறது, துரோகம் இருக்கிறது, கண்ணீரும் இருக்கிறது. அதனால்தான் உலகம் முழுக்க ஒரு கூட்டம் மெடல் பின்னாடியே அலைகிறது. இந்த ஹாபிக்கு ஸ்டைலா ஒரு பேர் உண்டு... 'ஃபலரிஸ்டிக்ஸ்'. அந்தக் கூட்டத்திலும் ஒரு தனி ஜாதி, ஜப்பான் மெடல் பைத்தியங்கள்!

ஏன் ஜப்பான்? ஒரு காரணம், அழகு. வெள்ளியும் எனாமலும் சேர்ந்த அந்த வேலைப்பாட்டைப் பார்த்தால் நகைக்கடையில் வைக்க வேண்டிய சமாச்சாரம் மாதிரி இருக்கும். இன்னொரு காரணம், இது முதலும் முடிவும் உள்ள கதை. 1875-ல் ஆரம்பித்து 1945-ல் முடிந்து போகிறது. எழுபதே வருஷம். ஒரு பேரரசு எழுந்ததும் விழுந்ததும் ஒரு மேஜை மேல் வரிசையாக அடுக்கி வைத்துவிடக்கூடிய அளவு!

பாரிஸில் ஆரம்பிச்ச மேட்டர்

ஜப்பானில் வாள் இருந்தது, கவசம் இருந்தது, சாமுராய் இருந்தார்கள். ஆனால் மெடல் கிடையாது. வீரத்துக்குப் பரிசு என்றால் நிலம், நெல், வாள் இவைதான். மார்பில் குத்திக்கொள்கிற பழக்கமே அங்கே இல்லை.

1867-ல் பாரிஸில் உலகக் கண்காட்சி. ஜப்பானை ஆண்டுகொண்டிருந்த ஷோகுன் அரசு கலந்துகொண்டது. அதே கண்காட்சிக்கு, ஷோகுனோடு முறைத்துக்கொண்டிருந்த சத்சுமா என்கிற தெற்குப் பிரதேசமும் தனியாக வந்து இறங்கியது. சும்மா வரவில்லை. நட்சத்திர வடிவத்தில் சொந்தமாக ஒரு மெடல் செய்து, பிரெஞ்சு மன்னர் மூன்றாம் நெப்போலியனுக்கும் அங்கிருந்த பெரிய மனிதர்களுக்கும் கொடுத்து அசத்தியது. வாங்கியவர்களுக்கு ஒரே குஷி. 'இவங்க தனி நாடு போலிருக்கே' என்று ஐரோப்பியர்கள் நினைக்க, ஷோகுனின் ஆட்களுக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஒரு மெடலுக்கு இவ்வளவு பவரா என்று ஜப்பான் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது.

அடுத்த வருஷமே ஷோகுன் ஆட்சி போய், மெய்ஜி சக்கரவர்த்தியின் ஆட்சி வந்தது. ரயில், தந்தி, புது ராணுவம் என்று எல்லாவற்றையும் ஐரோப்பாவைப் பார்த்து அவசர அவசரமாக அமைத்தார்கள். அந்த லிஸ்ட்டில் மெடலும் ஒன்று. 1875 ஏப்ரல் 10-ம் தேதி பிறந்தது 'உதயசூரியன் விருது'. உருவம் ஐரோப்பா, உள்ளே இருக்கிற கற்பனை முழுக்க ஜப்பான்!

சூரியன், கண்ணாடி, பருந்து

ஜப்பான் ராணுவக்காரர்கள் மார்பில் அதிகம் தெரிந்த விருதுகள் மூன்று. இந்த மூன்றைத் தெரிந்துகொண்டால் பாதி சப்ஜெக்ட் பாஸ்!

முதலாவது, மேலே சொன்ன உதயசூரியன். நடுவில் ரத்தச் சிவப்பில் ஒரு கண்ணாடிக் குமிழ். அதைச் சுற்றி வெள்ளை எனாமலில் கதிர்கள். உச்சியில் பௌலோனியா என்கிற மரத்தின் இலையும் பூவும். ரிப்பன் வெள்ளை, ஓரம் சிவப்பு. பார்த்தவுடனே ஜப்பான் என்று சொல்லிவிடலாம்.

இரண்டாவது, 1888-ல் வந்த 'புனிதப் பொக்கிஷ விருது'. ஜப்பான் அரச வம்சத்துக்கு மூன்று புனிதப் பொருட்கள் உண்டு. கண்ணாடி, வாள், மணி. அவற்றில் கண்ணாடியும் மணிகளும்தான் இந்த விருதின் டிசைன். நீண்ட காலம் ஒழுங்காக வேலை பார்த்தவர்களுக்கு இது அதிகம் கிடைத்தது. அதனால் இன்றைக்கு மார்க்கெட்டிலும் இது அதிகம் கிடைக்கிறது.

மூன்றாவதுதான் ஹீரோ. 'தங்கப் பருந்து விருது'. 1890-ல் உருவானது. இது சிவிலியன்களுக்குக் கிடையாது. போர்க்களத்தில் சாதித்தவனுக்கு மட்டும்தான். ஜப்பானின் முதல் சக்கரவர்த்தி என்று புராணம் சொல்கிற ஜிம்மு போரில் திணறிக்கொண்டிருந்தபோது, தங்க நிறப் பருந்து ஒன்று பறந்து வந்து அவருடைய வில்லின் நுனியில் உட்கார்ந்ததாம். அதன் மினுமினுப்பில் எதிரிப் படைக்குக் கண் கூசிப்போனதாம். அந்தப் பருந்துதான் மெடல் உச்சியில் சிறகு விரித்து உட்கார்ந்திருக்கிறது. இதை வாங்கியவருக்கு மெடலோடு ஆண்டுதோறும் உதவித்தொகையும் உண்டு. ஏழைக் குடியானவன் வீட்டுப் பையனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

ஃபர்ஸ்ட் கிளாஸ்... எய்த் கிளாஸ்!

நம்ம யூனிவர்சிட்டி மார்க் ஷீட் மாதிரி, இந்த விருதுகளிலும் கிளாஸ் உண்டு. உதயசூரியனுக்கு எட்டு வகுப்பு. தங்கப் பருந்துக்கு ஏழு. ஃபர்ஸ்ட் கிளாஸ் என்றால் தோளிலிருந்து இடுப்பு வரை அகலமான பட்டை, மார்பில் பெரிய நட்சத்திரம். தேர்டு கிளாஸ் கழுத்தில் தொங்கும். நாலாவதும் ஐந்தாவதும் மார்பில். இரண்டும் பார்க்கக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். ரிப்பனில் வட்டமாகத் துணிப்பூ இருந்தால் நாலாவது, இல்லாவிட்டால் ஐந்தாவது. அந்தத் துணிப்பூ ஒன்றால் விலையே மாறும்!

உதயசூரியனின் ஏழாம், எட்டாம் வகுப்புகளில் பாவம், சூரியனே கிடையாது. வெறும் பௌலோனியா இலை மட்டும். ஏழாவதில் இலைக்கு எனாமல் கலர் இருக்கும். எட்டாவதில் அதுவும் இல்லை, வெறும் வெள்ளி.

'கஷ்டப்பட்டுப் படிச்சா ஃபர்ஸ்ட் கிளாஸ் வரலாம்' என்பதெல்லாம் இங்கே செல்லாது. எந்த வகுப்பில் ஆரம்பிக்கலாம் என்பதை வீரம் மட்டும் தீர்மானிக்கவில்லை, பதவியும் தீர்மானித்தது. தங்கப் பருந்தில் சிப்பாய் ஏழாம் வகுப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முதல் வகுப்பெல்லாம் ஜெனரல், அட்மிரல்களுக்கு. விருது முடிகிற வரை கொடுக்கப்பட்ட தங்கப் பருந்துகள் பத்து லட்சத்துக்கும் மேல். அதில் பெரும்பகுதி ஆறாம், ஏழாம் வகுப்புகள்தான்.

சரி, முதல் வகுப்பு வாங்கியவர்கள் நிம்மதியாக இருந்தார்களா? ஜெனரல் நோகியைக் கேட்டால் தெரியும். 1904-05 ரஷ்யப் போரில் போர்ட் ஆர்தர் கோட்டையைப் பிடித்தவர். அந்தக் கோட்டைக்காகப் பல்லாயிரம் ஜப்பானியச் சிப்பாய்கள் செத்தார்கள். அதே போரில் அவருடைய இரண்டு மகன்களும் செத்தார்கள். அவருக்கு வேறு பிள்ளைகள் மிஞ்சவில்லை. தங்கப் பருந்து முதல் வகுப்பு வந்தது. 1912 செப்டம்பர் 13, மெய்ஜி சக்கரவர்த்தியின் இறுதி ஊர்வல நாள். அன்றைக்கு நோகியும் அவர் மனைவியும் தங்கள் வீட்டிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார்கள். மார்பு நிறைய மெடல், வீடு நிறைய வெறுமை.

பீரங்கியை உருக்கு... மெடலை வார்!

விருது கிடைக்காதவர்கள் என்ன செய்வது? அவர்களுக்குத்தான் 'போர் மெடல்'. குறிப்பிட்ட போரில் கலந்துகொண்டாலே போதும், கிடைத்துவிடும். கலெக்‌ஷன் ஆரம்பிக்கிறவர்கள் முதலில் தேடுவது இவற்றைத்தான். ஒவ்வொன்றிலும் ஒரு கதை ஒளிந்திருக்கிறது.

1894-95 சீனப் போர் மெடல்: ஜப்பான் ஜெயித்தது. சீனாவிடமிருந்து பிடித்த பீரங்கிகளை உருக்கி, அந்த வெண்கலத்தில் மெடல் வார்த்துச் சிப்பாய்களுக்குக் கொடுத்தார்கள். எதிரியின் ஆயுதமே உன் மார்பில் ஆபரணம்!

1904-05 ரஷ்யப் போர் மெடல்: ராணுவக் கொடியும் கடற்படைக் கொடியும் குறுக்காக நிற்கும். மேலே அரச சின்னமான செவ்வந்திப் பூ. ஆசிய நாடு ஒன்று ஐரோப்பிய வல்லரசைத் தோற்கடித்த போர் என்பதால் உலகக் கலெக்டர்களுக்கு இதன் மேல் தனி கிரேஸ்.

முதல் உலகப் போர் வெற்றி மெடல்: நேச நாடுகள் எல்லாம் பேசி வைத்துக்கொண்டு, சிறகு முளைத்த வெற்றி தேவதையை மெடலில் போட்டன. ஜப்பான் மட்டும் 'எங்க ஊருல அந்தம்மாவைத் தெரியாதே' என்று தன் புராணத்தின் போர்த் தெய்வமான தகெமிகசுச்சியைப் போட்டது. அதே வரிசையில் சயாம் நாடு போட்டது யாரை? சாட்சாத் விஷ்ணு பகவானை!

1937-ல் தொடங்கிய சீனப் போர் மெடல்: 1939-ல் வந்தது. இதில் ஒரு காக்கை உட்கார்ந்திருக்கும். காலை எண்ணிப் பாருங்கள், மூன்று! ஜிம்மு சக்கரவர்த்திக்கு வழிகாட்டிய 'யதகராசு' என்கிற புராணக் காக்கை. எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கா? ஃபுட்பால் ரசிகர்களுக்குப் பொறி தட்டும். ஜப்பான் ஃபுட்பால் சங்கத்தின் சின்னமும் இதே மூன்று கால் காக்கைதான்.

ஆனால் இந்தக் காக்கை மெடலைக் கையில் எடுக்கும்போது கொஞ்சம் யோசிக்கணும். 1937 டிசம்பரில் நான்ஜிங் நகரத்தில் நடந்த படுகொலை இந்தப் போரில்தான். மூட்டை சுமந்தவனுக்கும் இதே மெடல்தான், காயத்துக்குக் கட்டுப் போட்டவனுக்கும் இதே மெடல்தான், நிராயுதபாணியைக் கொன்றவனுக்கும் இதே மெடல்தான். மெடல் யாரையும் காட்டிக்கொடுக்காது.

பழைய மெடலில் வருஷம் பார்ப்பது எப்படி?

ஜப்பான் மெடல்களில் 1905, 1937 என்றெல்லாம் இருக்காது. எந்தச் சக்கரவர்த்தி, அவர் ஆட்சியில் எத்தனையாவது வருஷம் என்றுதான் இருக்கும். கூட்டல் தெரிந்தால் போதும்...

மெய்ஜி (1868-1912) என்றால் 1867-ஐக் கூட்டுங்கள். மெய்ஜி 37 என்றால் 1904.

தைஷோ (1912-1926) என்றால் 1911-ஐக் கூட்டுங்கள். தைஷோ 4 என்றால் 1915.

ஷோவா (1926-1989) என்றால் 1925-ஐக் கூட்டுங்கள். ஷோவா 15 என்றால் 1940.

ஒரு சின்ன எச்சரிக்கை. பழைய மெடல்களில் குறுக்காக எழுதியிருந்தால் வலமிருந்து இடமாகப் படிக்கணும். தலைகீழாகப் படித்துவிட்டு 'அகராதியிலேயே இல்லை' என்று புலம்பக் கூடாது!

பேப்பர் போச்சுன்னா ஆளே போச்சு

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ்காரர்கள் கொடுத்த மெடல்களின் விளிம்பைப் பார்த்தால், வாங்கிய சிப்பாயின் பெயரும் நம்பரும் படைப்பிரிவும் வெட்டியிருக்கும். ஜப்பான் மெடலில் பொதுவாக அது கிடையாது. பெயர் எங்கே இருக்கும்? கூடவே கொடுத்த சான்றிதழில். தடிமனான பேப்பரில் மேலிருந்து கீழாக மை எழுத்து, தேதி, சிவப்பு முத்திரை. அதில்தான் அந்த மனிதன் இருக்கிறான்.

ஒரு முழு செட் என்றால் மெடல், அது வைத்த பெட்டி, அந்தச் சான்றிதழ். விருதுகளுக்குக் கறுப்பு அரக்குப் பெட்டி, மேலே பளபள எழுத்து. மூன்றும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். ஏன் அபூர்வம்? சில வியாபாரிகள் பண்ணுகிற வேலை அது. மெடலை ஒருத்தரிடம், பெட்டியை இன்னொருத்தரிடம், பேப்பரை மூன்றாவது ஆளிடம் பிரித்து விற்றால் லாபம் அதிகம். அந்த ஒரு நிமிஷத்தில், ஏதோ ஒரு ஊரில் பிறந்து ஏதோ ஒரு மலையில் செத்த ஒருத்தனுக்கும் அவன் மெடலுக்கும் உள்ள கடைசி உறவு அறுந்து போகிறது. அதற்குப் பிறகு அது வெறும் வெள்ளித் துண்டு. நல்ல கலெக்டர்கள் இதைப் பெரிய பாவமாகவே நினைக்கிறார்கள்.

இன்னொரு ஐட்டம் உண்டு. போரில் செத்தவரின் குடும்பத்துக்குக் கொடுத்த சின்னஞ்சிறு பேட்ஜ். மகனை இழந்த அம்மா, கணவனை இழந்த மனைவி குத்திக்கொள்வதற்கு. விலை ஒன்றும் பெரிதாக இருக்காது. ஆனால் வாங்கி வைத்த பிறகு அதை அடிக்கடி திறந்து பார்க்க மனசு வராது.

எப்படி சந்தைக்கு வந்தது?

1945 ஆகஸ்ட்டில் ஜப்பான் சரணடைந்தது. அதுவரை பூஜை அறையில் வைத்த பொருள், ஒரே நாளில் ஒளித்து வைக்க வேண்டிய பொருளாகிவிட்டது. நாட்டில் பஞ்சம். அரிசிக்காக விற்றவர்கள் உண்டு. அமெரிக்கச் சிப்பாய்கள் 'சுவனீர்' என்று வாங்கியும் எடுத்தும் ஊருக்குக் கொண்டு போனார்கள். 1947-ல் தங்கப் பருந்து விருதே ஒழிக்கப்பட்டது. எதற்காக உயிரைப் பணயம் வைத்தார்களோ, அந்த கௌரவம் சட்டப்படி செல்லாக்காசு!

உயிரோடு இருப்பவர்களுக்கு உதயசூரியன் போன்ற விருதுகளை வழக்கம்போல் வழங்குவது 1946-ல் நிறுத்தப்பட்டது. 1964-ல்தான் மறுபடி ஆரம்பித்தது. 2003-ல் பெரிய மாற்றம் வந்தது. ஏழாம், எட்டாம் வகுப்புகளைத் தூக்கினார்கள். பெண்களுக்கும் உதயசூரியன் கிடைக்க ஆரம்பித்தது. இப்போதும் இந்த விருதுகளைத் தயாரிப்பது ஒஸாகாவில் 1871-ல் திறந்த அரசு நாணயச்சாலைதான். அங்கே மியூசியம் உண்டு. ஏப்ரலில் அதன் வளாகத்துச் செர்ரி மரங்கள் பூக்கும்போது ஊரே திரண்டு போய் வேடிக்கை பார்க்கும்.

மெடல் மாட்டுகிற இடம்? பழம்பொருள் கடைகள், ஏலங்கள், சந்தைகள். கியோட்டோவில் தோ-ஜி கோயில் வாசலில் ஒவ்வொரு மாதமும் 21-ம் தேதி பெரிய சந்தை கூடும். கிமோனோ, பீங்கான், பழைய பொம்மை, தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் விரித்திருக்கும். அந்த மாதிரி சந்தைகளில் குவியலுக்கு நடுவே ஒரு காக்கை மெடல் மினுக்கினால் கலெக்டருக்கு அன்றைக்கு தீபாவளி.

கொடுத்தவனே எடுத்துக்கொண்டானா?

மெடல் அரசியலில் இரண்டு விசித்திரங்கள்.

ஒன்று, கர்டிஸ் லெமே. 1945 மார்ச் 9-10 ராத்திரி டோக்கியோ மீது தீக்குண்டு மழை பொழிந்த அமெரிக்க விமானப்படையின் தளபதி. அந்த ஒரே ராத்திரியில் செத்தவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். அதே லெமேவுக்கு 1964-ல் ஜப்பான் அரசு கொடுத்தது என்ன? உதயசூரியன், முதல் வகுப்பு! போருக்குப் பிறகு ஜப்பானின் புது விமானப்படையை உருவாக்க உதவினாராம், அதற்காக. டூலிட்டில் குண்டில் கட்டி மெடலைத் திருப்பினார். இங்கே குண்டு போட்டவருக்கே மெடல்!

இரண்டு, நம்ம ஊர் நீதிபதி ராதாபினோத் பால். 1946-48 டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில், குற்றம் சாட்டப்பட்ட ஜப்பானியத் தலைவர்கள் எல்லாரையும் விடுவிக்க வேண்டும் என்று தனித் தீர்ப்பு எழுதியவர். 1966-ல் அவருக்குப் புனிதப் பொக்கிஷ விருது, முதல் வகுப்பு.

போலி... ஜாக்கிரதை!

கிராக்கி இருக்கிற இடத்தில் டூப்ளிகேட் இல்லாமலா? ஜப்பான் மெடல் உலகத்தில் அதிகம் ஏமாறுகிற இடம் 'மகா கிழக்காசியப் போர் மெடல்'. 1944-ல் அரசாணை போட்டார்கள். ஆனால் போரே தோற்றுவிட்டதால் சிப்பாய்கள் மார்புக்கு அது போய்ச் சேரவே இல்லை. ஆகவே யாராவது 'எங்க தாத்தா பர்மாவுல சண்டை போட்டப்ப குத்தின மெடல் சார்' என்று இதை நீட்டினால், தாத்தாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்!

தங்கப் பருந்தின் உயர் வகுப்புகள், 1944 டிசம்பரில் வந்த 'புகோஷோ' என்கிற வீரப் பேட்ஜ் ஆகியவையும் போலிக்காரர்களின் ஃபேவரிட். பி-29 விமானங்களை வீழ்த்திய பைலட்டுகளுக்கு அதிகம் கொடுத்த பேட்ஜ் அது. வாங்கியவர்கள் வெகு சிலர். விற்கிறவர்கள்தான் பலர்!

நீங்களும் ஆரம்பிக்கணுமா?

* எடுத்தவுடன் தங்கப் பருந்துக்குப் பறக்காதீர்கள். ஜப்பான் செஞ்சிலுவைச் சங்கத்தின் பழைய உறுப்பினர் மெடல்கள் ஏராளமாகக் கிடைக்கும். விலை குறைவு. கை பழக அதுதான் நல்ல பள்ளிக்கூடம்.

* தேய்க்காதீர்கள், துலக்காதீர்கள். வெள்ளி கறுத்திருக்கிறதே என்று பாத்திரம் துலக்குகிற பவுடரைப் போட்டால், நூறு வருஷத்து வயசும் மதிப்பும் சேர்ந்து கழுவிக்கொண்டு போய்விடும்.

* எனாமல் கண்ணாடி மாதிரி. வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். விரிசல், ஒட்டு வேலை எல்லாம் தெரிந்துவிடும்.

* காசு கொடுத்து மெடல் வாங்கும் முன் ஒரு புத்தகம் வாங்குங்கள். ஜேம்ஸ் பீட்டர்சன் எழுதிய 'ஆர்டர்ஸ் அண்ட் மெடல்ஸ் ஆஃப் ஜப்பான் அண்ட் அசோசியேட்டட் ஸ்டேட்ஸ்' கலெக்டர்களின் பாடப் புத்தகம்.

* பேப்பரோடு கிடைத்தால் பேப்பரோடவே வையுங்கள். விற்றாலும் சேர்த்தே விற்றுவிடுங்கள்.

வைத்துக்கொள்வதா... திருப்பிக் கொடுப்பதா?

இந்த ஹாபியில் இருக்கிற யாரும் ஒரு நாள் இந்தக் கேள்வியிடம் மாட்டாமல் தப்பிக்க முடியாது. பெயர் எழுதிய பேப்பர் கையில் இருக்கிறது. அந்தக் குடும்பம் எங்கேயோ இருக்கிறது. அவர்களுக்குச் சொல்லணுமா, வேண்டாமா?

சொல்லலாம் என்று ஒரு வழி காட்டியிருக்கிறார்கள் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் இருக்கும் 'ஓபோன் சொசைட்டி'க்காரர்கள். ஜப்பான் சிப்பாய் போருக்குக் கிளம்பும்போது சொந்தபந்தமும் தெருக்காரர்களும் தேசியக்கொடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். செத்த சிப்பாய்களின் உடம்பிலிருந்து அமெரிக்கர்கள் ஆயிரக்கணக்கில் எடுத்துப் போன கொடிகள் அவை. அந்தப் பெயர்களைப் படித்து, ஊரைக் கண்டுபிடித்து, குடும்பங்களிடம் திருப்பிச் சேர்க்கிறது இந்த அமைப்பு. உடம்பே திரும்பி வராத வீட்டுக்கு ஒரு துண்டுத் துணியாவது வருகிறது. பெயர் எழுதியிருந்ததால்தான் அது முடிகிறது.

எல்லாருக்கும் அப்படிப் பெயர் இருந்ததா?

1942-43. சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பான் ராணுவம் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை. சயாம் மரண ரயில். வேலை செய்த போர்க்கைதிகள் சுமார் 60,000 பேரில் 12,000-க்கும் மேல் செத்தார்கள். ஆசியத் தொழிலாளிகள் இரண்டு லட்சம் பேர் அளவில் இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். அதில் செத்தவர்கள் 90,000 வரை என்கிறார்கள். இந்தத் தொழிலாளிகளில் பெரும் கூட்டம், மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்ட தமிழர்கள். காலரா, மலேரியா, பசி, அடி. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கான மயானம் இருக்கிறது. சுமார் 7,000 கல்லறைகள், வரிசை வரிசையாக, பெரும்பாலும் பெயரோடு. நம்ம ஜனங்கள் காட்டில் புதைந்தார்கள், ஆற்றில் போனார்கள். பட்டியல்கூட ஒழுங்காகக் கிடையாது. மெடல் இருக்கட்டும், ஒரு துண்டுப் பேப்பர் இல்லை.

2023-ல்தான் காஞ்சனபுரியில் அவர்கள் நினைவாக ஒரு நடுகல் நட்டார்கள். செத்த வீரனுக்குக் கல் நட்டுப் பெயர் சொல்வது நம்ம பழைய வழக்கம். எண்பது வருஷம் கழித்து அது அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. கல் ஒன்றுதான். பெயர்கள் எத்தனை ஆயிரம் என்று அதற்கும் தெரியாது.

அதனால் ஃப்ரெண்ட்ஸ்... என்றைக்காவது ஒரு ஜப்பான் மெடல் உங்கள் கைக்கு வந்தால் அதன் அழகை ரசியுங்கள், தப்பில்லை. ரசித்துவிட்டு ஒரு காரியம் செய்யுங்கள். கூட வந்த பேப்பரை யாரிடமாவது காட்டி அந்தப் பெயரைப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் நோட்டில் எழுதி வையுங்கள். இதே போரில் உங்கள் வீட்டிலிருந்து மலாயாவுக்கோ பர்மாவுக்கோ போய்த் திரும்பி வராதவர் யாராவது உண்டா என்று பாட்டியிடம் கேளுங்கள். இருந்தால், அதே நோட்டில், அந்தப் பெயருக்குப் பக்கத்திலேயே அவர் பெயரையும் எழுதுங்கள்.